பார்க்க ஒரே ‘ஸ்ரீ’... கம்ப்யூட்டருக்கு இரண்டு!

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் சிலருக்கு ராமானுஜர் நினைவுக்கு வருவார், சிலருக்கு கார் தொழிற்சாலைகள். எப்படியும் நமக்கு அது ஒரே ஊர்தான். கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்தப் பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு!

இந்த இரண்டையும் பாருங்கள்: ஸ்ரீ, ஶ்ரீ. பல போன்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆனால், முதலாவதற்குள் இருப்பது ‘ஸ’. இரண்டாவதற்குள் இருப்பது ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து.

1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது தமிழ்ப் பட்டியலில் ‘ஶ’ கிடையாது. அதனால் ‘ஸ’வை வைத்துத்தான் ‘ஸ்ரீ’யை எழுதினார்கள். 2005-ல் 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தது. வடமொழி ஒலிப்புக்கு இதுதான் சரி என்பதால் புதிய வழி பரிந்துரைக்கப்பட்டது. பழைய வழியும் போகவில்லை. எந்த கீபோர்டு எதைப் போடுகிறது என்று தட்டுகிறவருக்குத் தெரியாது.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரின் பட்டியலில் ‘ஸ்ரீதேவி’ என்ற பெயர் ஒரு வகையில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் நேரத்தில் கேட்டில் இருப்பவர் இன்னொரு வகையில் தட்டித் தேடுகிறார். ‘இல்லை’ என்கிறது திரை. பெயர் கண்ணெதிரே இருக்கும், கிடைக்காது. சாஃப்ட்வேரை மட்டுமே நம்பினால் அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் சம்பளம் போச்சு.

‘கொ’ போன்ற எழுத்துகளிலும் இப்படி இரு வழிகள் உண்டு. கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம், ஒரே குறியாகவும் போடலாம். அவற்றை ஒன்றாக்க யூனிகோடிலேயே பொது விதி இருக்கிறது. புரோகிராமர் ஒரு வரி எழுதினால் போதும். அந்த விதி ‘ஸ்ரீ’யைத் தொடாது. இரண்டையும் சமமாகக் கருதுங்கள் என்று யூனிகோடு அமைப்பு சொல்கிறது. ஆனால், அதற்கான வரியைப் புரோகிராமர்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். ‘டெஸ்ட் 123’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்துவிட்டு வேலையை முடிப்பவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரிய வராது.

இன்னொரு வம்பும் உண்டு. ‘ஸ்ரீபெரும்புதூர்’ நம் கணக்கில் 7 எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் 16. புள்ளி, கொம்பு, சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். ஊர்ப் பெயருக்கு 15 இடம் போதும் என்று படிவம் தயாரித்தால், கடைசிப் புள்ளி விழுந்து ‘ஸ்ரீபெரும்புதூர’ என்று நிற்கும்.

சாஃப்ட்வேர் திருந்தும் வரைக்கும் ஒரு குறுக்குவழி: ‘ஸ்ரீ’யை விட்டுவிட்டு ‘பெரும்புதூர்’ என்று மட்டும் தேடுங்கள். ஆட்களின் பெயர் என்றால் ‘தேவி’, ‘தர்’ போதும். ஊரின் பெயரை ‘திருப்பெரும்புதூர்’ என்று எழுதியிருந்தாலும் இந்தத் தேடலில் சிக்கிவிடும்.