ஒரே தொட்டியில் இருவர்

மாட்டுங்காவில் எங்கள் அடுத்த வீட்டுச் சிறுவன் சென்ற மாதம் ஆக்சலாட்டல் என்னும் பிராணிகள் இரண்டை வாங்கிவந்து ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டான். ஒரு வாரத்திற்குள் பெரியது சிறியதன் முன்னங்காலைக் கவ்வித் துண்டித்துவிட்டது. பையன் அழுத அழுகையில் நான் இரவுப் பணிக்குப் புறப்படவே தாமதமாயிற்று.

இது மீன் அன்று. மெக்சிகோ நகரின் சொச்சிமில்கோ நீர்நிலைகளுக்குரியது. தவளைக்குத் தூரத்து உறவு, ஆயுள் முழுவதும் நீரிலேயே வாழ்வது. கண்பார்வை மந்தம். எதிரே எது அசைந்தாலும் உறிஞ்சிக் கவ்வும்; இரையா, இனமா என்று பாராது. எனவே பெரியதைக் கோபித்துப் பயனில்லை.

இழந்த காலும் செவுளும் மீண்டும் முளைப்பதே இதன் அதிசயம். 1864-இல் 34 பிராணிகள் பாரிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதுமுதல் ஆய்வுக்கூடங்களில் இதனை வளர்த்து வருகின்றனர். எனினும் கால் வளரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை காயம்பட்டதைக் குளோரின் நீக்கிய நீரில் தனியே வைத்து, நாள்தோறும் நீர் மாற்ற வேண்டும். புண்ணில் பஞ்சுபோல் வெண்மை படர்ந்தால் பூஞ்சணம். கால்நடை மருத்துவரிடம் காட்டுக. மீன் மருந்தைத் தாமாக ஊற்றுவது ஆபத்து.

பெரும் இடையூறு நம் மும்பை வெப்பமே. 16 முதல் 18 டிகிரி வேண்டும்; 24-ஐத் தாண்டினால் வாடும். நீர் உறைந்த புட்டிகளை மூடியோடு மிதக்கவிடச் சொன்னேன்.

துண்டான இடத்தில் இப்போது மொட்டுப்போல் ஏதோ தெரிகிறது. மீண்டும் ஒன்றாக விடலாமா என்கிறான் பையன். இரண்டும் சம அளவாகும்வரை கூடாது என்றேன். அவன் தாயாரோ, எப்போதுமே கூடாது என்கிறார்.