குறியெதிர்ப்பை

‘குறியெதிர்ப்பை’ என்பது வழக்கொழிந்த சொல். திருக்குறளில் ஈகை அதிகாரத்தைத் தொடங்கும்போதெல்லாம் மாணாக்கர் முதற் குறளிலேயே இச்சொல்லில் இடறுவர். அளவு குறித்து ஒன்றை வாங்கி, பின்னர் அவ்வளவே திருப்பிக் கொடுத்தல் என்று யான் பொருள் கூறிக் கடந்துவிடுவேன். சொல் ஒழிந்ததேயன்றிச் செயல் ஒழிந்திலது. அயல்வீட்டிலே ஒரு சுண்டு அரிசி வாங்கி, சில நாள் கழித்து அதே சுண்டினால் அளந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. அதனைக் கைமாற்று என்கிறோம்.

இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இப்பொருளைச் சொல்லிவந்த எனக்கு, அச்சொல்லின் அருமை விளங்கியது அண்மையிலேதான். விளக்கியவர்கள் ஒன்பதாந் தரத்து மாணாக்கன் ஒருவனும் அவனைப் பெற்ற தாயும்.

அம்மாணாக்கன் திங்கட்கிழமைகளிலே பாடசாலைக்கு வருவதில்லை. ஐந்தாறு வாரம் பார்த்தேன். பின்னர் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பார் முன்னிலையிலே எழுப்பிக் காரணம் கேட்டேன். “அம்மா கந்தோருக்குப் போறவ, ஐயா. தங்கச்சியைப் பாக்க ஆளில்லை” என்றான். “கந்தோரிலே என்ன அலுவல்?” என்றேன். “பிச்சைச் சம்பளத்துக்கு” என்றான். கடைசி வாங்கிலே யாரோ சிரித்தார்கள். பையன் தலை குனிந்து அமர்ந்தான். தனியே அழைத்துக் கேட்டிருக்க வேண்டியதை யான் சபையிலே கேட்டேன். ஆசிரியனுக்கு அஃது இழுக்கு.

மாலையில் விசாரித்தபோது உண்மை தெரிந்தது. பையனுடைய தகப்பனார் அரச திணைக்களமொன்றிலே சாரதியாக இருந்தவர். மாரடைப்பினால் திடீரென இறந்துவிட்டார். தாயார் எதிர்பார்த்திருந்தது விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். பிச்சைச் சம்பளம் என்பதோ, வறியோருக்கு அரசு வழங்கிவந்த பொதுசன உதவிப் பணத்துக்கு நம் ஊர் முதியோர் இட்ட பெயர். வீட்டிலே அம்மம்மா சொன்னதைப் பையன் வகுப்பிலே சொன்னான்.

அச்சொற்றொடரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். பிச்சையாயின் அது சம்பளம் அன்று. சம்பளமாயின் அது பிச்சை அன்று. ஒன்றையொன்று மறுக்கும் இரு சொற்களை ஒட்டவைத்து, பெறுபவரின் தலையிலே சுமத்திவிட்டோம். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமோ யாருடைய இரக்கத்தாலும் வருவது அன்று. 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்டது அது. உத்தியோகத்தர் தாம் உயிரோடிருக்கும்போதே, தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அதற்கெனப் பணம் கழிக்கக் கொடுக்கின்றார். பெண் உத்தியோகத்தர் இறப்பின் அவர்தம் கணவரும் பிள்ளைகளும் பெறுதற்கு 1983 இலே தனிச் சட்டம் செய்யப்பட்டது. ஆகவே, அப்பையன் வீட்டுக்கு வரவேண்டியது அவன் தகப்பனார் தேடிவைத்த பணமே.

எனினும் அது வரவில்லை. பத்து மாதம் வரவில்லை.

ஏன் வரவில்லை? அந்தக் கதையிலே எனக்கும் ஒரு பங்குண்டு. மரண அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், இறந்தவரின் சேவைக் கோவை, தாயாரின் அடையாள அட்டை என யாவும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். அப்பெண்ணின் பெயர் லகரத்தில் தொடங்குவது. பிறப்புப் பத்திரத்திலே அவ்வாறே உள்ளது. அடையாள அட்டையிலோ லகரத்தின் முன்னே ஓர் இகரம் ஏறியிருக்கின்றது. லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. வடசொல் அவ்வாறு வருமாயின் இகரம் முன்னே பெறும் என்பது நன்னூல் விதி. அவர் படித்த பாடசாலையிலே அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது, இலக்கணப் பற்றுடைய ஆசிரியர் ஒருவர் அப்பெயரைத் திருத்தியிருக்கிறார். அத்திருத்தத்தைச் செய்தவன் யான் அல்லேன், செய்திருக்கக்கூடியவன். எத்தனை இடாப்புகளிலே எத்தனை பெயர்களுக்கு யான் இகரம் இட்டேனோ, அறியேன். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம அலுவலரிடம் உறுதி பெற்று, மீண்டும் கோவை கொழும்புக்குப் போய்த் திரும்ப மாதங்கள் கழிந்தன. ஒரெழுத்துக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை அது. யுத்தத்திலே பத்திரங்களையே இழந்த குடும்பங்களின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

அம்மாதங்களில் வீடு எவ்வாறு நடந்தது? சம்பளம் ஒரே நாளில் நின்றுவிடும். பசி அவ்வாறு நிற்பதில்லை. கையிலிருந்தது செத்தவீட்டோடும் அந்தியேட்டியோடும் போயிற்று. அடுத்துத் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. பின்னர்க் கடைக்காரரின் கடன் கொப்பியிலே பக்கம் நிரம்பிற்று. நம் நாட்டிலே 1945 முதல் கல்வி இலவசம்; 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். இவை பெரும் பேறுகளே. ஆயினும் சப்பாத்தும் கொப்பியும் பஸ் கட்டணமும் இலவசம் அல்லவே. பையனுடைய ரியூசன் நின்றது. அவன் கால் வளர்ந்தது, சப்பாத்து வளரவில்லை.

தாமதித்தாலும் நிலுவை முழுவதும் சேர்ந்து வருமே என்பர் சிலர். வரும், உண்மை. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். காத்திருக்கும் பெண் ஓர் இலட்சம் ரூபாவை நூற்றுக்கு இரண்டு மாதவட்டிக்கு வாங்கினாள் என்று கொள்வோம். பத்து மாதத்தில் வட்டி மாத்திரம் 20,000 ரூபா. நிலுவை வருகின்றபோது அந்த இருபதினாயிரத்தை யார் கொடுக்கின்றார்? தாமதித்தவர் கொடுப்பதில்லை, காத்திருந்தவள் கொடுக்கின்றாள். நுண்கடன் என்னும் பெயரால் நம் பெண்கள் பட்ட துயரை நாடறியும். 2018 இலே வறட்சி மாவட்டங்களிலே பெண்கள் பட்ட அத்தகைய கடன்களில் ஒரு பகுதியை அரசே ஏற்கவேண்டி நேர்ந்தது. அக்கடன்களுள் எத்தனை, வரவேண்டிய பணம் வரும்வரை வயிற்றைக் கழுவுதற்குப் பட்டவையோ!

நிற்க. செய்தி அறிந்தபின் யான் ஒரு கடித உறையிலே சிறிது பணம் வைத்து அவ்வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் உறையைத் தொடவில்லை. “ஐயா, இது தருமமோ, கைமாற்றோ? தருமமெண்டால் வேண்டாம். கைமாற்றெண்டால் தாங்கோ, கொப்பியிலே எழுதி வைக்கிறன்” என்றார். அதற்கு முந்திய மாதம், வெளிநாட்டு அன்பர் சிலரின் உதவியென்று பொதியொன்று கொண்டுவந்தவர்கள், பதாகையைப் பிடித்து நிழற்படத்துக்கு நிற்கச் சொன்னார்களாம். பிள்ளைகளை நிறுத்த மனமின்றிப் பொதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அயல்வீட்டு அம்மையாரிடம் வாங்கிய அரிசியும் தேங்காயும் மாத்திரம் அந்தக் கொப்பியிலே நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன.

அன்று இரவு குறியெதிர்ப்பை என்ற சொல்லை மறுபடியும் எண்ணினேன். வள்ளுவர் வறியவர்க்குக் கொடுப்பதையே ஈகை என்றார். ஏனைய கொடைகளைக் குறியெதிர்ப்பையின் தன்மையின என்று ஒதுக்கினார். கொடுப்பவன் பக்கம் நின்று பார்த்தால் அது முற்றிலும் சரியே. திரும்பி வருமென்று கொடுப்பதிலே என்ன வள்ளன்மை? பெறுபவள் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தோன்றுகின்றது. வரவேண்டிய பணத்தை எதிர்பார்த்திருக்கும் ஒருத்தி வறியவள் அல்லள், காலம் பிந்தியவள். அவளுக்கு ஈகை செய்வது அவளை வறியவள் என்று சொல்வதாகும். குறியெதிர்ப்பை செய்வதோ, உன்னிடத்துப் பணம் உண்டு, அது வழியிலே வருகின்றது என்று சொல்வதாகும். செய்ந்நன்றியறிதலிலே உதவியைக் காலங்கொண்டும் அளந்தவர் வள்ளுவர். ஆதலின் இவ்வாறு எண்ணுதற்கு அவர் முனியார் என்று துணிகின்றேன்.

புறநானூற்றின் 163 ஆம் பாட்டும் எனக்குத் துணை. மாலையிலே பண்டித வகுப்பில் யான் பலமுறை நடத்திய பாட்டு அது. பெருஞ்சித்திரனார் முதிரமலைத் தலைவன் குமணனிடம் பெற்ற பரிசிலோடு வீடு திரும்பி, யார் யாருக்குக் கொடுக்க வேண்டுமென்று மனைவிக்குச் சொல்லுகின்றார். அவ்வரிசையிலே, சுற்றத்தின் பசி தீர அவளுக்கு நெடுநாட் குறியெதிர்ப்பை கொடுத்து வந்தவர்களும் உளர். புலவரின் கொடையுள்ளத்தையே இதுவரை வியந்து சொல்லிவந்தேன். அவர் பரிசிலுக்குச் சென்ற நாள்களில் அந்த அம்மையார் தனியே பிள்ளைகளை வைத்துக்கொண்டு என் செய்தார் என்று யான் கேட்டதேயில்லை. விடை பாட்டிலேயே இருந்தது: அயலார் அளந்து கொடுத்தார்கள், இவரும் திருப்பி அளக்கும் நாளை எதிர்நோக்கியிருந்தார்.

இதிலிருந்து யான் சொல்லவருவது இரண்டு.

முதலாவது, அரசு செய்யவேண்டியது. மரணப் பத்திரமும் சேவை விபரமும் கிடைத்த மறுமாதமே, எதிர்பார்க்கத்தக்க தொகையில் ஒரு பங்கை முற்பணமாகக் கொடுத்துவிட்டு, எழுத்துக்களை ஆறுதலாக ஒப்புநோக்கட்டும். நிலுவையிலே அதனைக் கழித்துக்கொள்ளட்டும். திறைசேரியிலே பணமில்லை என்ற விடை இதற்குப் பொருந்தாது. எப்படியும் கொடுக்கவேண்டிய பணம் அது. பிரித்தானியாவிலே ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் உதவிக்கு விண்ணப்பித்தவர் முதற் கொடுப்பனவுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் காத்திருக்கின்றனர். அக்காலத்துக்கு முற்பணம் கேட்டுப் பெறலாம். பின்வரும் மாதங்களிலே அதனைக் கழிப்பதால் அம்மாதங்களும் இடர்ப்படுகின்றன என்ற குறை அங்கே உண்டு. நம் ஓய்வூதியத்திலோ கழிப்பதற்கு நிலுவையே இருக்கின்றது.

அரச சேவையிலில்லாத கூலியாளரின், கடற்றொழிலாளரின் மனைவியர்க்கு அஸ்வெசுமவே கதி. 2023 யூலையில் தொடங்கிய அத்திட்டம் வீடுகளை 22 குறிகாட்டிகளால் அளந்தது. உழைப்பவன் இருந்த நாளில் எடுத்த அளவை, அவன் இறந்த மறுநாள் பொய்யாகிவிடும். கணவன் கைவிட்டுப்போனவளுக்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் உண்டு. அங்கும் தவணைக்கு மேல் தவணை. மரணமோ பிரிவோ நேர்ந்த வீட்டை உடனே மீள அளப்பதற்கு ஒரு வழி வேண்டும்.

இரண்டாவது, நாம் செய்யவேண்டியது. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு கடனுதவு கூட்டுறவைத் தொடங்கிய நாடு இது. ஊர்தோறும் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் உள்ளன. பாடசாலைதோறும் பழைய மாணவர் சங்கம் உண்டு. இவற்றுள் ஒன்று, ‘குறியெதிர்ப்பை நிதி’ என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கிவைத்தல் கூடாதா? வட்டி இல்லை, நிழற்படம் இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை. வரவேண்டிய பணம் வந்ததும் வாங்கிய அளவே திருப்பி வைத்தல். திரும்பி வராவிட்டால் என்செய்வது என்பீர்கள். வராதது சிறிதாகவே இருக்கும் என்பது என் துணிபு. அவ்வாறு வராததை அப்போது ஈகை என்று எழுதிக்கொள்வோம். முன்னரே எழுதிப் பெறுபவரை நாணச் செய்யவேண்டாம்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், அடையாள அட்டை மூன்றையும் ஒருங்கு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருப்பின் இருவரும் உயிரோடிருக்கும்போதே தீருங்கள். மாணாக்கரின் கட்டுரையைத் திருத்துங்கள், பெயரைத் திருத்தாதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் உள்ளதே அப்பெயருக்கு இலக்கணம். நன்னூலாரை வணங்கியே இதனைச் சொல்லுகின்றேன்.

பதினோராம் மாதம் அந்தத் தாய்க்கு நிலுவை வந்தது. மறுநாள் மாலை பையனையும் கூட்டிக்கொண்டு வந்து, கொப்பியை விரித்து, யான் கொடுத்த தொகையை எண்ணி வைத்தார். ‘பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குங்கள்’ என்று சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். பையன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். எண்ணிப் பார்த்து, சரியென்று சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டேன். தாயார் என் பெயருக்கு எதிரே ஒரு கோடு கிழித்தார்.