வெயிலைச் சாட்டி ஒரு நகரைத் தள்ளலாமா?

அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 2011 யூலையில் தனது வருடாந்த மாநாட்டைக் கலிபோர்னியாவின் தலைநகரான சக்ரமென்டோவில் நடத்தியது. இப்பொழுதும் அந்த ஊரின் பெயரை எடுத்தால் "கோடையிலா? அந்த வெயிலிலா?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. கோடையில் கூட்டம் கூட்டுவதற்கு அந்நகரைவிடப் பொருத்தமான இடங்கள் மிகச் சிலவே என்பது என் கட்சி.

முதலில், இச்சங்கத்தை விளையாட்டுப் பொம்மைக்காரரின் சங்கம் என எண்ணிவிடலாகாது. 1935இல் மில்வாக்கியில் இது தோன்றியமைக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு தயாரிப்பாளரின் பெட்டி இன்னொருவரின் தண்டவாளத்தில் ஓடாத காலம் அது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை வகுத்து அக்குழப்பத்தைத் தீர்த்தவர்கள் இவர்கள். அசலின் 87இல் ஒரு பங்கான எச்.ஓ. அளவில், இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீற்றர். அந்த ஒழுங்குக்குள் ஒரு மலைப்பாதையையே வீட்டறையில் எழுப்புகிறார்கள். 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே வராதிருந்ததைக் கண்ட எவரும், தண்டவாளத்தின் மீது வைக்கும் பற்றை நகைப்புக்குரியதாகக் கொள்ளார்.

மாநாடு ஏன் கோடையில்? பாடசாலை விடுமுறை அப்போதுதான். பிள்ளைகளையும் மனைவியையும் வீட்டில் விட்டுவிட்டு ஒரு வாரம் ஊர் சுற்ற எல்லோராலும் இயலுமா? கோடை என்பது முடிந்த முடிபானால், அமெரிக்காவின் உட்பகுதியில் வெப்பமில்லாத ஊரை எங்கே தேடுவது? 2013இல் அட்லாண்டா, 2022இல் சென் லூயிஸ், 2023இல் டலஸ் பகுதி. இவையெல்லாம் குளிர்பிரதேசங்களா? அங்கெல்லாம் போய் வந்தவர்கள் சக்ரமென்டோவை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவதன் நியாயம் எனக்கு விளங்கவில்லை.

யூலையில் அங்கே பகல் வெப்பம் சராசரியாக 34 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும். சில நாட்களில் 38ஐயும் தாண்டும். இதை மறைப்பானேன்? ஆனால் அது வறண்ட வெப்பம். நிழலுக்குள் போனால் தணிந்துவிடும். கொழும்பில் வெப்பமானி 31ஐக் காட்டும்போதே சட்டை நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும் எங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. மாலையானதும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கமிருந்து ஆற்றுக் கழிமுகத்தினூடாகக் கடற்காற்று உள்ளே வரும். இரவில் 16 பாகை வரை இறங்கிவிடும்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் எடையுண்டு. மத்திய மேற்கு மாநிலங்களில் மாதிரிப் பாதைகள் வீட்டின் நிலவறையில் அமைகின்றன, அங்கே இயல்பாகவே குளிர்ச்சி. கலிபோர்னிய வீடுகளில் நிலவறை அரிது. ஆகவே பலர் தங்கள் மலைகளையும் பாலங்களையும் கார் நிறுத்தும் கொட்டிலில்தான் கட்டியிருக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அதற்குள் இருபது பேர் நின்றால் மூச்சு முட்டத்தான் செய்யும். காலையிலோ இரவிலோ பார்க்கப் போகலாமே! நேர அட்டவணையால் தீர்க்கக்கூடிய குறைக்காக ஒரு நகரையே நிராகரிப்பதா?

அதுவும் எப்படிப்பட்ட நகரை? கலிபோர்னியாவின் முதலாவது புகையிரதம் 1856இல் சக்ரமென்டோவிலிருந்து போல்சம் வரை 22 மைல் ஓடியது. அதன் பொறியியலாளர் தியோடர் யூடா, அடுத்து சியெரா நெவாடா மலைத்தொடரையே கடக்கும் பாதையை வகுத்தார். 1863 ஜனவரி 8ஆம் திகதி ஆளுநர் லீலன்ட் ஸ்டான்போர்ட் முதல் மண்ணை வெட்டிப் போட்டது சக்ரமென்டோ ஆற்றங்கரையில். அங்கிருந்து கிழக்கே 690 மைல் சென்று, 1869 மே 10ஆம் திகதி யூட்டா மாநிலத்தின் புரொமொன்ரரி உச்சியில் அப்பாதை மறுபக்கப் பாதையுடன் இணைந்தது. கடல்மட்டத்திலிருந்து சில பத்தடி உயரமேயுள்ள ஊரிலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறியது அது. உச்சியின் கருங்கல்லை 1,659 அடி நீளத்துக்குக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். உயிர் கொடுத்தவர்கள் அவர்கள், ஆனால் ஊர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் முதலாளிமாரின் பெயர்களே வாய்த்தன என்பது வேறு கதை.

அந்த மலை உருவாக்கிய விந்தையொன்று பழைய சக்ரமென்டோவில் உள்ள மாநிலப் புகையிரத நூதனசாலையில் நிற்கிறது. சுரங்கங்களிலும், பனிச்சரிவைத் தடுக்கப் பாதைமேல் மைற்கணக்கில் போடப்பட்ட மரக்கூரைகளினுள்ளும் புகை தேங்கிச் சாரதிகளைத் திணறடித்தது. அதற்குத் தீர்வாக 'சதேர்ன் பசிபிக்' கம்பனியார் இயந்திரத்தையே பின்முன்னாகத் திருப்பிச் சாரதியின் அறையை முன்னே வைத்தார்கள். நிலக்கரி எரிக்கும் இயந்திரத்தில் இது நடவாது, கரியை அள்ளிப் போடுபவன் கரிப்பெட்டியின் அருகிலேயே நிற்கவேண்டும். எண்ணெயைக் குழாய்வழி கொண்டுசெல்லலாம். அவ்வகையின் கடைசி இயந்திரம் 1944இல் கட்டப்பட்ட 4294ஆம் இலக்கம். எஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். பத்து இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட எடை. அதன் 87இல் ஒரு பங்கைச் செய்ய மாதக்கணக்கில் குந்தியிருப்பவனுக்கு, அசலின் ஆணியையும் குழாயையும் கிட்ட நின்று பார்ப்பதைவிடக் குளிரூட்டிய மண்டபம் பெரிதா? விடுதி வசதிக்காக மாநாட்டை எங்கும் வைக்கலாம் என்றாகிவிட்டால், அது விற்பனைச் சந்தையாக மட்டுமே எஞ்சும்.

"அப்படியானால் பக்கத்தில் குளிர்ச்சியான சான் பிரான்சிஸ்கோவில் வைத்திருக்கலாமே" என்பார்கள். அங்கே விடுதிகளின் வாடகையைத் தாங்கக்கூடியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கண்டம் கடந்து வந்த புகையிரதப் பயணிகள் ஒக்லண்ட் கரையில் இறங்கிப் படகேறித்தான் அந்நகருக்குள் போனார்கள். இன்று சிக்காகோவிலிருந்து வரும் 'கலிபோர்னியா செபர்' வண்டியும் விரிகுடாவின் இக்கரையில், எமரிவில் நிலையத்தோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து பேருந்து. அதே வண்டி சியெராவை இறங்கி சக்ரமென்டோவின் 1926ஆம் ஆண்டு நிலையத்துக்கு நேரே வருகிறது. இறங்கியவர் பேருந்து தேடவேண்டியதில்லை. நூதனசாலைக்குச் சில நிமிட நடைதான், தொப்பி ஒன்று போதும்.