பதினாலு பேர் வேண்டுமா, ஆறு பேர் போதுமா?

போன மாதம் ஒரு சாயங்காலம் எதிர் வீட்டம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் ஒரு துணிப்பை.

"அண்ணாச்சி, இந்தப் பய புது கம்ப்யூட்டர் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். சங்கிலிய சொசைட்டியில வைக்கச் சொல்லுதான். நீங்க ஆபீஸ்ல இதையெல்லாம் பாத்தவுக. ஒரு வார்த்த கேட்டுட்டு வைக்கலாம்னு வந்தேன்" என்றார். பைக்குள் மூன்று பவுன் சங்கிலி.

மகன் எங்கள் எப்போதும்வென்றானில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, பாஸ்போர்ட் அளவு போட்டோ, பயிர்க் காப்பீட்டுப் பதிவு எல்லாம் அங்கேதான். இப்போது கல்யாண வீடியோ எடிட்டிங்கும் சேர்த்திருக்கிறான். பழைய மெஷின் வீடியோவைத் திறந்தாலே மூச்சு வாங்குகிறதாம். சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் பழைய சர்வர் ப்ராசசர் போட்ட செட் ஒன்றை நாற்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முழு செட்டாகத்தான் தருவாராம். வாரண்டி ஒரு மாதம்.

பையனைக் கூப்பிட்டேன். போனோடு வந்தான்.

"தாத்தா, இது ஜியான். பெரிய பெரிய கம்பெனியில போடுதது. பதினாலு கோர். இதே காசுக்குப் புதுசு வாங்கினா ஆறு கோர்தான் வரும். நீங்களே சொல்லுங்க, பதினாலு பெருசா, ஆறு பெருசா?"

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் நாற்பது வருஷம் கணக்கு எழுதிய எனக்கு, கூட்டல் சரியாக இருந்தும் பில் தப்பாக இருப்பதைப் பார்த்துப் பழக்கம்.

நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அப்பாவுக்கு அங்கே மில் வேலை. பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955-ல் ஐபிஎம் கம்பெனி கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துகிறவர் என்று பொருள். மேஜைமேல் வைக்கும் டெஸ்க்டாப்புக்கு 'ஒர்தினாத்தர் த பியுரோ' என்பார்கள். பியுரோ என்றால் மேஜை, ஆபீஸ் இரண்டும்தான். சர்வருக்குச் சொல் 'செர்வர்'. ஓட்டலில் நம் மேஜைக்கு வந்து பரிமாறுகிறவருக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். நம் ஊர் ஓட்டலிலும் அவரைச் சர்வர் என்றுதானே கூப்பிடுகிறோம்?

இந்த இரண்டு பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஒருவர் தம் மேஜையில் உட்கார்ந்து தம் வேலையைப் பார்ப்பதற்கு டெஸ்க்டாப். பல மேஜைகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் கேட்பதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சர்வர். ரேஷன் கடையில் "சர்வர் வேலை செய்யலை" என்று சொல்லும்போது நாம் சபிப்பது எங்கோ தூரத்தில் ஆயிரம் கடைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கும் அந்த மெஷினைத்தான்.

கோர் என்றால் என்ன என்று எதிர் வீட்டம்மாவுக்கு இப்படிச் சொன்னேன். ப்ராசசருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் பதினாலு ஜன்னல், பதினாலு கிளார்க். நீங்கள் ஒரே ஒரு மனுவோடு போகிறீர்கள். ஒரு கிளார்க்தான் அதை எழுதுவார். மற்றப் பதின்மூன்று பேரும் கொட்டாவி விடுவார்கள். உங்கள் மனு சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் அந்த ஒரு கிளார்க்கின் கை வேகமாக ஓட வேண்டும். அதுவே இருநூறு பேர் வரிசையில் நின்றால் கதை வேறு. அப்போது ஒரு கிளார்க் எவ்வளவு சூரராக இருந்தாலும் போதாது. பதினாலு ஜன்னல் வேண்டும்.

பையன் காட்டிய ப்ராசசர் இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-ல் வந்தது. பதினாலு கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 3.3. அதாவது உச்சத்தில் நொடிக்கு 330 கோடி துடிப்பு. அதற்குப் பதிலாக நான் சொன்னது 2022-ல் வந்த கோர் ஐ5-12400. ஆறு கோர், அதிகபட்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ். 440 கோடி துடிப்பு. அதோடு, பின்னால் வந்த கோர் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை செய்யும். ஆக, ஒற்றை மனுவுக்குப் புதியதுதான் வெகு வேகம். எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும் வேலையில்கூட இந்த ஆறு பேர் அந்தப் பதினாலு பேருக்கு ஏறத்தாழ ஈடு கொடுப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஐ5-க்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கிறது. வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் என்றே தனி அமைப்பும் அதில் உண்டு. பையனுக்கு வேண்டியதே அதுதான். அந்த ஜியானில் இரண்டும் கிடையாது. மானிட்டரில் படம் தெரியவே தனி கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். அடுத்தது கரண்டு. ஜியானுக்குக் குறித்த அளவு 120 வாட்ஸ், ஐ5-க்கு அடிப்படை அளவு 65. ஊரைச் சுற்றிக் காற்றாலை சுழன்றாலும், சித்திரை மாத மத்தியானத்தில் நம் வீட்டு மின்விசிறி எப்படிச் சுற்றுகிறது என்பது நமக்குத் தெரியும்.

அப்படியானால் சர்வர் ப்ராசசர் ஏமாற்று வேலையா? இல்லை. ஏஎம்டி கம்பெனி 2019-ல் ஒரே வகைக் கோரை வைத்து இரண்டும் செய்தது. சர்வருக்கான எபிக் 7742-ல் 64 கோர், அடிப்படை வேகம் 2.25, உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ். டெஸ்க்டாப்புக்கான ரைசன் 9 3950எக்ஸில் 16 கோர், அடிப்படை 3.5, உச்சம் 4.7. சமையல்காரர் ஒருவரேதான், பந்தி மட்டும் வேறு. ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பாதைகள் அந்த டெஸ்க்டாப்பில் இரண்டு, அந்தச் சர்வரில் எட்டு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்கும் இடத்தில் இதெல்லாம் வேண்டும்தான்.

இன்னொரு நல்ல குணமும் சர்வருக்கு உண்டு. அதன் ரேமில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்துச் சரிபார்ப்பார்கள். நாம் சம்பளப் பட்டியலில் நெட்டுக்கும் குறுக்குக்கும் கூட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும். இது எதற்கு என்று கேட்பீர்கள். 2003-ல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பெக்கில் மெஷினில் வாக்கு எண்ணினார்கள். ஒரு வேட்பாளருக்கு வரவே முடியாத அளவு வாக்கு வந்திருந்தது. மறுபடி எண்ணினால் சரியாக 4,096 வாக்கு அதிகம். இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண் அது. ஒரே ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்கிறது. விண்வெளிக் கதிர் பட்டிருக்கலாம் என்றார்கள். வாக்கு, வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி என்று ஒரு எண் மாறினால் ஒருவர் வாழ்க்கையே மாறும் இடத்தில் அந்தச் சரிபார்ப்பு இல்லாமல் இருக்கக் கூடாது. கல்யாண வீடியோவில் ஒரு புள்ளி நிறம் மாறினால் மாப்பிள்ளைக்கே தெரியாது.

இரண்டு பக்கத் தவறையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் பெரிய சர்வர் ஒன்று வந்து இறங்கியது. அதற்கென்று தனி அறை, ஏசி. அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏசி கெட்டுப் போனதும் அதையும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு மட்டும் அந்த அறையைத் திறப்போம். வேலையெல்லாம் எங்கள் மேஜை மெஷினில்தான் நடந்தது. அதற்குப் பிறகு போன இன்னொரு ஆபீஸில் நேர் எதிர். காசு மிச்சம் என்று ஒரு சாதாரண டெஸ்க்டாப்பையே சர்வராக வைத்து எட்டுப் பேர் அதில் வேலை பார்த்தோம். மாதக் கடைசியில் அதன் டிஸ்க் போனது. நகல் இல்லை. மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து சம்பளப் பட்டியலை மறுபடி அடித்தோம். அந்த மாதம் கடைநிலை ஊழியர்கள் கடன் வாங்கித்தான் அரிசி வாங்கினார்கள். எட்டுப் பேர் நம்பியிருக்கும் மெஷினுக்குச் செலவு செய்யாததும் குற்றம்தான்.

ப்ராசசர் செய்கிறவர்களே ஒன்று எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்வதில்லை. சென்னை ஐஐடியில் 'சக்தி' என்று நம் நாட்டு ப்ராசசரை வடிவமைத்தார்கள். 2018-ல் அவர்களுடைய சில்லில் லினக்ஸ் ஓடியது. சின்னக் கருவிகளுக்கு ஒரு வகை, டெஸ்க்டாப்புக்கு ஒரு வகை, சர்வருக்கு ஒரு வகை என்று பிரித்துத்தான் அவர்களும் திட்டம் போட்டார்கள். நம் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் ஓடினால் வற்றிவிடும் கிணற்றில் யாராவது இருபது குதிரை மோட்டார் இறக்குவார்களா?

ஆகவே, பேரனுக்கோ கடைக்கோ கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோர் எத்தனை என்று கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் இந்த மெஷினை நம்பியிருக்கிறார்கள்? ராத்திரி பகலாக ஓட வேண்டுமா, கடை பூட்டினால் நிறுத்தலாமா? ஒரு நாள் நின்றால், ஒரு எண் தப்பினால், யாருக்கு என்ன நஷ்டம்? மூன்றுக்கும் பதில் சின்னதாக இருந்தால் டெஸ்க்டாப் ப்ராசசர் போதும். மிச்சக் காசில் நல்ல யுபிஎஸ்ஸும், நகல் எடுத்து வைக்கத் தனி டிஸ்க்கும் வாங்குங்கள். ஒற்றை ஆள் கடையைக் காப்பாற்றுவது அவை இரண்டும்தான்.

பையன் எல்லாம் கேட்டுவிட்டு, "சரி தாத்தா, நாளைக்குக் கட பெருசாச்சுன்னா? நாலு பேரு வேலைக்கு வந்தா?" என்றான்.

நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "ஏலே, நாலு பேரு வரட்டும். அன்னைக்கு வாங்கு. அன்னைக்கு இத விட நல்லது இத விடக் கொறஞ்ச வெலைக்குக் கெடைக்கும். கோடிக்கணக்குல போட்டு வாங்குன கம்பெனிக்காரனே அந்த ஜியானக் கழட்டித் தூரப் போட்டுட்டான். அதனாலதான ஒனக்குச் சல்லிசா வருது."

அம்மா அதுவரை பேசாமல் இருந்தவர், "அப்ப இது வருசா வருசம் வெல எறங்குத சாமானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஏறுதத வச்சு எறங்குதத வாங்கச் சொன்னியால?" என்று மகனைப் பார்த்துவிட்டு, பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் இத்தனை நேரம் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பழைய கேபினெட், மானிட்டர், கீபோர்டு எல்லாம் பையனிடம் இருந்தன. ஐ5 ப்ராசசர், போர்டு, ரேம், ஒரு யுபிஎஸ், ஒரு டிஸ்க் மட்டும் கோவில்பட்டியில் வாங்கினான். ப்ராசசருக்கு மூன்று வருஷம் வாரண்டி. சீட்டுப் பணமும் கையிருப்பும் போதுமாக இருந்தன. போன வாரம் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது ஒரு கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, திக்காமல். "எப்பிடி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் ஓடுது தாத்தா. ஆனா பதினாலு கோர்னு சொன்னா ஒரு கெத்துதான்" என்றான்.

இருக்கட்டும். சங்கிலி அவன் அம்மா கழுத்தில் இருக்கிறது.