பந்து வீசுகிறவனும் உழைப்பாளிதான்!

"கிரிக்கெட்டா? அது சீமான்கள் ஆட்டம். தொழிலாளிக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்கும் தோழர்கள் நம்மில் உண்டு. "ஆட்டத்தை ஆட்டமாகப் பார், அதில் கூலி, சங்கம் என்று பேசிக் கெடுக்காதே" என்று சொல்லும் ரசிகர்களும் உண்டு.

இருவர் சொல்வதும் சரியல்ல.

ஷிப்டு முடிந்து வரும் பஞ்சாலைத் தொழிலாளி டீக்கடை வாசலில் நின்று "எத்தனை ரன்? எத்தனை விக்கெட்?" என்று விசாரிக்கிறான். அறுப்பு முடிந்த வயலில் விவசாயத் தொழிலாளியின் மகன் தென்னை மட்டையைப் பிடித்து ஆடுகிறான். இந்த ஆட்டம் நம்மிடம் வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. நானும் ஒரு ரசிகன்தான். இதை மறைக்க வேண்டிய அவசியம் ஏதுமில்லை. ஆனால் கைதட்டுவதோடு ரசிகனின் காரியம் முடிந்துவிடுமா? மில்லை எந்தக் கண்ணோடு பார்க்கிறோமோ, அதே கண்ணோடு மைதானத்தையும் பார்க்க வேண்டாமா? அங்கேயும் வேலை நடக்கிறது. வேலை செய்கிறவன் இருக்கிறான்; வேலை வாங்குகிறவன் இருக்கிறான்; லாபத்தை எடுத்துப் போகிறவனும் இருக்கிறான்.

உருளை இழுத்த கை

நம் நாட்டின் முதல் பெரிய பந்து வீச்சாளர் யார்? ராஜாவா? ஜமீன்தாரா? இல்லை. அவர் பெயர் பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர்; தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர். பூனாவில் பார்சிகளின் கிளப்பில் மைதானத்தைக் கூட்டுவதும் உருளை இழுப்பதும் அவருடைய வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் சேர்ந்தார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, தரைக்குத் தண்ணீர் விடுவது, துரைமார்கள் அடித்துப் பழக மணிக்கணக்காகப் பந்து வீசுவது எல்லாம் அந்த 4 ரூபாய்க்குள் அடக்கம்.

அந்தக் கூலி வேலையில் தேறிய கைதான் 1911ல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டிக்காக 114 விக்கெட்டுகளைச் சாய்த்தது. கோஷ்டியின் தலைவர் யார்? பாட்டியாலா மகாராஜா!

பூனாவில் இந்துக் கோஷ்டிக்காகப் பாலு ஆடிய நாட்களில், பந்தயம் ஜெயிக்க அவர் கை வேண்டியிருந்தது. இடைவேளை வந்தால் மட்டும் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே மண் குவளை. கிராமத்து டீக்கடையில் தனிக் குவளை கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பாயில் அவர் எத்தனை வெற்றி தேடித் தந்தும், தலைவர் பதவி அவரை எட்டவில்லை. 1920ல் அவரைக் கோஷ்டியிலிருந்து நீக்கியபோது, தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். 1923ல் விட்டல் இந்துக் கோஷ்டியின் தலைவரானார். அது யாரும் தானமாகக் கொடுத்த பதவியல்ல. ஆட மறுத்து வாங்கிய பதவி.

ராஜாக்களின் ஆட்டத் திறமை என்ன? 1936ல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டிக்கு விஜயநகரம் மகாராஜகுமார் தலைவர். மூன்று டெஸ்ட் பந்தயங்களில் அவர் எடுத்தது மொத்தம் 33 ரன்! செல்வாக்கு ஆடியது, ஆட்டம் ஆடவில்லை.

கட்டளை ஒருவருடையது, தண்டனை ஒருவருக்கு

இது இந்தியாவின் சாபக்கேடு மட்டுமா? ஆட்டத்தின் தாய்நாடான இங்கிலாந்தில் என்ன நடந்தது?

அங்கே ஆட்டக்காரர்களை இரண்டு வர்க்கமாகவே பிரித்து வைத்திருந்தார்கள். சொத்துள்ளவர்கள் 'கனவான்கள்'; கூலிக்கு ஆடுகிறவர்கள் வெறும் 'ஆட்டக்காரர்கள்'. பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, உள்ளே இறங்கும் வாசலும் வேறு. 1962ல்தான் இந்தப் பாகுபாட்டை ஒழிக்க முடிவு செய்தார்கள்.

ஹெரால்ட் லார்வுட் 14 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். வேகப்பந்து வீச்சில் உலகை மிரட்டியவர். 1932-33ல் ஆஸ்திரேலியாவில் எதிரியின் உடம்பைக் குறி வைத்துப் பந்து வீசும்படி கேப்டன் ஜார்டின் திட்டமிட்டார். ஜார்டின் 'கனவான்' வகை. லார்வுட் சொன்னபடி வீசினார். 33 விக்கெட் எடுத்துக் கொடுத்தார். கூக்குரல் எழுந்தது. கட்டளையிட்ட ஜார்டின் அடுத்த பருவத்திலேயே இங்கிலாந்துக் கோஷ்டியின் தலைவராக இந்தியாவுக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளி லார்வுட்டிடமோ "மன்னிப்புக் கேள்" என்றார்கள். "நான் கேப்டன் சொன்னதைச் செய்தேன், எதற்கு மன்னிப்பு?" என்பது அவர் நிலை. மறுத்தார். அதன் பிறகு இங்கிலாந்துக்காக ஒரு பந்தயம்கூட அவர் ஆடவில்லை.

மில்லில் மேஸ்திரி சொன்னபடி இயந்திரத்தை ஓட்டி, விபத்து நேர்ந்ததும் மெமோ வாங்கிய தோழர்களுக்கு லார்வுட் அந்நியரல்ல.

உத்தரவாதம் கேட்டது குற்றமா?

1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. தோற்றது இங்கிலாந்து. அந்தப் பந்தயத்தில் வினூ மன்கட் எடுத்தது 12 விக்கெட்.

அதே ஆண்டு கோடையில் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்து போக வேண்டும். லங்காஷயரில் ஹாஸ்லிங்டன் என்ற பஞ்சாலை ஊரின் கிளப் மன்கட்டுக்குச் சம்பளம் தர முன்வந்தது. மன்கட் கிரிக்கெட் போர்டைக் கேட்டது ஒன்றே ஒன்று: "கோஷ்டியில் எனக்கு இடம் நிச்சயமா? நிச்சயமென்றால் இந்த வேலையை விட்டுவிடுகிறேன்." அந்த உத்தரவாதத்தைத் தர மறுத்துவிட்டார்கள். வயிற்றுப் பிழைப்பு உள்ளவன் என்ன செய்வான்? ஹாஸ்லிங்டனுக்குப் போனார்.

பலன் என்ன? லீட்ஸ் டெஸ்டின் இரண்டாவது ஆட்டத்தில் இந்தியா ஒரு ரன்கூட எடுக்காமல் 4 விக்கெட்டை இழந்தது! உடனே ஹாஸ்லிங்டன் கிளப்பிடம் போய், "மன்கட்டை விடுங்கள்" என்று கேட்டார்கள். வந்தவர் லார்ட்ஸில் 72 ரன்னும் 184 ரன்னும் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் 73 ஓவர் வீசி 5 விக்கெட் சாய்த்தார். இந்தியா தோற்றது, மன்கட் தோற்கவில்லை. வேலை நிரந்தரம் கேட்டவனை "பேராசைக்காரன்" என்று ஏசுவதும், உற்பத்தி முடங்கியதும் வீடு தேடி ஓடுவதும் முதலாளிகளின் பழைய வழக்கம்தானே!

இன்றைய கோடிகள் யாருடையவை?

"அதெல்லாம் பழங்கதை, இப்போது ஆட்டக்காரர்கள் கோடியில் புரள்கிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலைக் கணக்கிலேயே பார்ப்போம்.

2008ல் தொடங்கிய ஐ.பி.எல். பந்தயங்களை 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. மொத்தம் 410 பந்தயங்கள் என்ற கணக்கில் ஏலம். ஒரு பந்தயத்துக்குச் சுமார் 118 கோடி! இந்தப் பணம் வானத்திலிருந்து கொட்டுகிறதா? விளம்பரக் கம்பெனி கொடுக்கிறது. கம்பெனி அதைச் சோப்பு விலையிலும் செல்போன் ரீசார்ஜிலும் நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. விற்கப்படும் சரக்கு பந்தும் மட்டையும் அல்ல. நம் கண்ணும் நம் ஓய்வு நேரமும்தான். ஒளிபரப்பைச் சுமக்கும் ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று 1995லேயே சுப்ரீம் கோர்ட் கிரிக்கெட் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. பொதுச் சொத்தின் மேல், பொதுஜனத்தின் காசில் நடக்கும் வியாபாரம் இது. இதில் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லையா?

மறுபக்கத்தைப் பாருங்கள். கொரோனா வந்த 2020ல் ஐ.பி.எல். நிற்கவில்லை, ஐக்கிய அரபு நாட்டில் நடந்து முடிந்தது. 1934ல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவந்த ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் மட்டும் அந்தப் பருவத்தில் முதன்முறையாக ரத்தாயிற்று. ரஞ்சி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆடினால் அன்றைய கூலி, ஆடாவிட்டால் இல்லை. நடவு இல்லாத நாளில் விவசாயத் தொழிலாளி வீட்டு அடுப்பு எப்படியோ, அப்படித்தான். பாதி நஷ்டஈடு என்று போர்டு அறிவித்தது 2021 செப்டம்பரில்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைக் காட்டி, "சாலையோரக் கடை நடத்திய தாயின் மகன் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசப் போய், டெஸ்டே ஆடிவிட்டான், திறமை இருந்தால் உயரலாம்" என்பார்கள். 2020-21ல் ஆஸ்திரேலியாவில் நடராஜன் சாதித்ததில் நமக்கும் பெருமைதான். ஆனால் அன்றைக்கு முன்னணிப் பந்து வீச்சாளர்கள் அடுத்தடுத்துக் காயம் படாமலிருந்தால்? வலையில் பந்து வீசும் மற்றப் பிள்ளைகளின் கதி? ஒருவன் ஏணியில் ஏறியதைக் காட்டி, ஏணி எல்லோருக்கும் இருக்கிறது என்று சொல்வது பித்தலாட்டம்.

ஒற்றுமை ஜெயித்த இடங்கள்

2017ல் ஆஸ்திரேலிய போர்டு ஒரு தந்திரம் செய்தது. "சர்வதேச ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் பங்கு உண்டு, உள்நாட்டில் ஆடுகிறவர்களுக்குக் கிடையாது" என்றது. நட்சத்திரங்கள் சரி என்று கையெழுத்துப் போட்டார்களா? இல்லை. ஜூன் 30ல் ஒப்பந்தம் முடிந்தது. ஆணும் பெண்ணுமாகச் சுமார் 230 பேர் வேலையற்றவர்களாக நின்றார்கள். ஒருவரும் பிரியவில்லை. ஆகஸ்டு ஆரம்பத்தில் போர்டு இறங்கி வந்தது. உள்நாட்டு ஆட்டக்காரர்களின் பங்கு காப்பாற்றப்பட்டது. பெண் ஆட்டக்காரர்களும் அதே உடன்படிக்கைக்குள் வந்தார்கள்.

2019 அக்டோபரில் வங்கதேச ஆட்டக்காரர்கள் 11 கோரிக்கைகளை வைத்து வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். மைதானத் தொழிலாளர்களின் ஊதியத்தை உயர்த்துவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. மூன்றே நாளில் போர்டு பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்றது.

இந்தியாவில் என்ன நிலை? 2019ல் உருவான ஆட்டக்காரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை! உலகிலேயே பணக்கார போர்டின் கீழ் ஆடுகிறவர்களுக்குப் பேரம் பேசச் சங்கம் இல்லை.

"கோடி வாங்குகிறவனுக்கு எதற்குச் சங்கம்?" என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவே பதில். சங்கம் நட்சத்திரத்துக்காக அல்ல. அவருக்குப் பின்னால் நிற்கும் ஆயிரம் பேருக்காக.

இனாம் அல்ல, ஊதியம்

2023 செப்டம்பரில் கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் 6 விக்கெட் எடுத்த முகமது சிராஜ், தனக்குக் கிடைத்த 5,000 டாலர் பரிசை மைதானத் தொழிலாளர்களுக்கே கொடுத்தார். ஹைதராபாத் ஆட்டோ டிரைவரின் மகன்; உழைப்பின் அருமை தெரிந்தவர். அவரைப் பாராட்டுவோம். 2024ல் ஐ.பி.எல். முடிந்ததும் வழக்கமான 10 மைதானங்களின் பணியாளர்களுக்கு 25 லட்சம் வீதம் என்று போர்டும் அறிவித்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு ஆண்டை கொடுக்கும் வேட்டி வேறு. கூலி உயர்வு வேறு. முந்தையது கொடுப்பவன் மனசு. பிந்தையது வாங்குபவன் உரிமை.

ஆகவே ரசிகர்களாகிய நாம் கேட்பது இதுதான்: ஆடுகிறவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொள்ளட்டும், போர்டு அதை அங்கீகரிக்கட்டும். உள்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் வேண்டும். சர்வதேசப் பந்தயங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான பந்தயக் கூலி என்று 2022ல் அறிவித்தார்கள்; அது உள்ளூர்ப் பந்தயம் வரை வர வேண்டும். மைதானத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை, பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ. வேண்டும்.

அடுத்த முறை பந்தயத்தின் நடுவே மழை வந்தால், தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடும் ஆட்களைக் காமிரா ஒரு நொடி காட்டும். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்: "இவர்களுக்கு இன்றைக்குக் கூலி எவ்வளவு தோழரே?" பல்வங்கர் பாலு நின்ற இடத்தில்தான் அவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.