பந்திக்கு முந்தியவர்கள்

2021 பிப்ரவரி 24. மலேசியாவில் முதல் கோவிட்-19 தடுப்பூசி போடப்பட்ட நாள். அன்றைய பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் யாசின் ஊசி போட்டுக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே நாளில், கானாவின் தலைநகர் அக்ராவில் 6 லட்சம் தடுப்பூசிகளுடன் ஒரு விமானம் தரையிறங்கியது. புனேயில் தயாரான மருந்து. கோவேக்ஸ் திட்டத்தின் கீழ் இந்தியாவுக்கு வெளியே போய்ச் சேர்ந்த முதல் தொகுதி அதுதான். கானாவின் மக்கள்தொகையோ சுமார் 3 கோடி.

எல்லா நாடுகளும் சேர்ந்து வாங்கி, நியாயமாகப் பகிர்ந்துகொள்வோம் என்று 2020-இல் தொடங்கிய திட்டம் கோவேக்ஸ். நல்ல யோசனைதான். ஆனால் பணக்கார நாடுகள் மருந்து நிறுவனங்களோடு தனித்தனியே ஒப்பந்தம் போட்டு, முதல் தயாரிப்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. பந்திக்கு முந்துவதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோவேக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது அந்தப் புனே ஆலையை. இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நின்றது. தன் வீடு எரியும்போது தண்ணீரைத் தனக்கே வைத்துக்கொண்ட நாட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நாடுகளுக்கும் ஒரே அடுப்பில் உலை வைத்ததுதான் கோளாறு. 2021 முடிவுக்குள் 200 கோடி என்ற இலக்கில் பாதிகூடத் தேறவில்லை.

பிறகு நன்கொடைகள் வந்தன. நைஜீரியா 2021 டிசம்பரில் காலாவதியான 10 லட்சத்துக்கும் அதிகமான தடுப்பூசிகளை அழித்தது. குறுகிய ஆயுளோடு வந்து சேர்ந்த நன்கொடை மருந்து அது. "கொடுத்தாலும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தயக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் சில வாரமே தாங்கும் மருந்தைக் குளிர்பெட்டியில் ஏற்றி, கிராமம் கிராமமாகக் கொண்டுபோக நாள் வேண்டாமா? பந்தி முடிந்து மீந்ததைக் கொடுப்பது பகிர்வு ஆகாது.

தாமதத்தின் விலை நமக்கும் தெரியும். அம்மாவுக்குத் தேதி வந்ததா என்று மைசெஜாத்ராவை நான் தினமும் திறந்து பார்த்த மாதங்கள் அவை. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் கட்டில் கிடைக்காமல் தவித்தவர்களிடம் கேளுங்கள், நாலு வாரம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நாம் நடுவரிசையில் நின்றோம். கடைசி வரிசையை நினைத்துப் பாருங்கள்.

2025 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றன. அதில் சேரும் நிறுவனங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் தயாராகும் தடுப்பூசியில் 20 விழுக்காட்டை உடனுக்குடன் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது நோக்கம். அதில் பாதியாவது இலவசம். எனக்கு இதில் பிடித்த சொல் "உடனுக்குடன்". மீந்த பிறகு அல்ல, வடித்ததும் பங்கு.

எப்படிப் பங்கிடுவது என்பதையெல்லாம் நோய் இல்லாத நாளில்தான் எழுதிவைக்க வேண்டும். இலை போட்ட பிறகு எழுந்து இடம் கொடுப்பவர் யாருமில்லை.