மார்பில் வந்த நோய் வயிற்றில் வருமா?

வரும், அபூர்வமாக வரும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்புப் புற்றுநோய் கண்டதென்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. அதில், பால் சுரக்கும் சிற்றறைகளில் தோன்றும் வகையே இரைப்பையையும் குடலையும் அதிகம் நாடுகிறது. அது கட்டியாகத் திரளாமல் சுவருக்குள்ளேயே ஊர்ந்து பரவும். குழாய் விட்டுப் பார்த்தாலும் மேலே ஒன்றும் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் இரைப்பைப் புற்று என்று மயங்க வைக்கும்.

வில்லியனூரிலோ பாகூரிலோ நடவுக்குப் போகும் ஒரு பெண், இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்றால், வீட்டில் சுக்குக் கஷாயம்தான் கிடைக்கும். டாக்டரிடம் போனாலும், என்றோ மார்பில் நடந்த ஆபரேஷனைச் சொல்லத் தோன்றுவதில்லை. “அது வேறு, இது வேறு” என்ற எண்ணம்!

சொன்னால், ஆழத்திலிருந்து சதை எடுத்துச் சோதிப்பார்கள். மூலம் மார்புதான் என்று தெரிந்தால், பெரும்பாலும் இரைப்பையை அறுக்காமல் ஹார்மோன் மாத்திரை போன்ற மருந்துகளால் நோயை அடக்கப் பார்ப்பார்கள். முற்றும் குணமாவது அரிது. ஆயினும் ஆயுள் நீளும்.

கோரிமேடு ஜிப்மருக்குப் பஸ் ஏறும்போது, பழைய சிகிச்சைச் சீட்டும் மடியில் இருக்கட்டும்.